ஒத்து ஊதும் கடல்



பேச்சுத் தொடங்க முன்னர் ஏற்பாட்டாளர் ஒருவர் பக்கத்தில் வந்து, "சேர், ஃபான் சத்தம் மைக்கில விழுது, நிப்பாட்டவோ?" என்று கேட்டார். இப்போது வேண்டாம், கடைசியில் நானே சொல்கிறேன் என்றேன். சித்திரை வெயிலில் இந்த மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தினால் கேட்பதற்கு ஆள் மிஞ்சாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பிறகு வரும்.

நான் பேச வந்தது ஒரு இசைத்தொகுப்பைப் பற்றி. 1994ஆம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வெளியானது. 'தி சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த்' என்று பெயர். தொலைதூரப் பூமியின் பாடல்கள். இயற்றியவர் மைக் ஓல்ட்ஃபீல்ட். பெயரில்தான் பாடல்கள். வாய்விட்டுப் பாட அதில் அதிகம் இல்லை. சின்தசைசரும் கிற்றாரும் கணினியும் சேர்ந்து, 17 துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 55 நிமிடம் ஓடுகிற இலத்திரனியல் இசை. இதற்கும் திருகோணமலைக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கும் தொடுப்பைச் சொல்லிவிட்டு ஊருக்கு இருக்கும் தொடுப்புக்கு வருகிறேன்.

1996. நாடு முழுக்க நீண்ட நேர மின்வெட்டு நடந்த வருடம். எனக்கு 15 வயது. லண்டனில் இருந்த சின்னம்மாவின் மகன், சந்திரன் அண்ணா என்று கூப்பிடுவோம், யாரோ வந்தவரிடம் ஒரு கசெற் கொடுத்து அனுப்பியிருந்தார். அறுபது நிமிடக் கசெற். இறுவட்டிலிருந்து பதிந்தது. மேலே நீல மையில் பெயர் எழுதியிருந்தது. ஏ. ஆர். ரஹ்மானாக இருக்கும் என்று ஆசையோடு போட்டேன். முதலில் ஒரு நீண்ட ரீங்காரம். பிறகு கரகரத்த ஆங்கிலக் குரல் ஒன்று ஏதோ வாசித்தது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தா. "என்னடா இது, ஒரு சொல்லும் இல்ல. சாமத்தில ஆரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. பற்றரிய வீணாக்காத."

பற்றரி உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத இரவுகளில் பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து மறுபடி போட்டு, அந்தக் கசெற்றை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஏ பக்கம் 'அட்லாந்திஸுக்கு ஒப்பாரி' என்ற துண்டு முடிந்து அடுத்ததன் வாலில் சடக்கென்று அறுந்துவிடும். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் காது அந்தச் 'சடக்'கை எதிர்பார்க்கிறது.

இனி ஊருக்கு வருவோம். ஓல்ட்ஃபீல்டுடைய இசைத்தொகுப்பு ஒரு நாவலை வைத்து எழுதப்பட்டது. நாவலை எழுதியவர் ஆதர் சி. கிளார்க்.

கிளார்க்கை நமக்குத் தெரியும். தொலைத்தொடர்புச் செய்மதிகளைப் பற்றி 1945இலேயே எழுதியவர். '2001' படத்தின் கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து ஆக்கியவர். கொழும்பில் வாழ்ந்து 2008இல் அங்கேயே காலமானவர். அவரை இந்தத் தீவில் கட்டிப்போட்டது கடல். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளுக்குச் சுழியோடப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. 1956இல் தன் சுழியோடித் தோழர் மைக் வில்சனோடு இங்கேயே வந்துவிட்டார். சுழியோடுவதற்கு அவர் சொன்ன காரணம் அலாதியானது. உடம்பின் கனம் கழன்றுபோகும் அனுபவத்தை விண்வெளிக்குப் போகாமல் பெறவேண்டுமானால் கடலுக்குள் இறங்குவது ஒன்றே வழி என்று கருதினார். ரொக்கெற்றில் ஏற முடியாத மனிதர் வாழ்நாளெல்லாம் கண்ட விண்வெளி தண்ணீருக்கு அடியில் இருந்தது.

அந்த விண்வெளியின் ஒரு மூலை நம்முடைய சுவாமிமலையின் அடிவாரம். 1620களில் போர்த்துக்கேயர் அங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்து, கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள்; எஞ்சியது கடலுக்குள் போயிற்று. வில்சனும் கிளார்க்கும் 1956இல் அந்தச் செங்குத்துப் பாறையின் கீழே இறங்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். சுயம்புலிங்கம் ஒன்றும் அந்தக் காலத்தில்தான் கடலிலிருந்து மீண்டது. 1957இல் வந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற புத்தகத்தில் கிளார்க் இந்தக் கடலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1963இல் கோணேசருக்குக் குடமுழுக்கு நடந்தது. வில்சன் கதை இன்னும் விசேஷம். 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படத்தை, இந்தக் கடலடிக் காட்சிகளோடு எடுத்தார். பிற்காலத்தில் காவி கட்டி சுவாமி சிவ கல்கி ஆனார். கடலுக்குள் இருந்தவர் ஆளை விடவில்லை.

டச்சுக்குடாவில் குளித்து வளர்ந்த எவருக்கும் ஒரு சங்கதி தெரியும். காதை அடைத்துக்கொள்ளாமல் தலையை முக்கினால், அப்பளம் பொரிவது போல ஒரு சடசடப்பு விடாமல் கேட்கும். கல்லிடுக்குகளில் இருக்கும் ஒரு வகைச் சின்ன இறால், கொடுக்கை நொடிக்கிற சத்தம் அது. பவளப்பாறை உள்ள கடலெல்லாம் அப்படித்தான் பொரிகிறது. தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் போனால், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லமுடியாது. தண்ணீரில் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுகிறது. இரண்டு காதுக்கும் இடையில் உள்ள நேர வித்தியாசம் சுருங்கிவிடுவதால் திசை அழிந்துபோகிறது. எல்லாச் சத்தமும் உள்ளே இருந்து வருவது மாதிரி இருக்கும். கிளார்க் இதையெல்லாம் கேட்டிருப்பார். அவர் காதில் விழுந்ததை அவர் எந்தப் புத்தகத்தில் எப்படிப் பயன்படுத்தினார் என்று நான் சோடிக்கப்போவதில்லை. ஆனால் அவர் தனக்கு மிகப் பிடித்தது என்று சொன்ன நாவல், கிட்டத்தட்ட முழுக்கவும் கடலாலான ஒரு கிரகத்தில் நடக்கிறது.

1958இல் சிறுகதையாக வந்தது, 1986இல் நாவலாயிற்று. சூரியன் வெடித்துப் பூமி அழிந்த பிறகு, எஞ்சிய மனிதரைச் சுமந்துவரும் 'மகெல்லன்' என்ற விண்கலம், தலஸ்ஸா என்ற அந்தக் கடற்கிரகத்தில் பனிக்கட்டி ஏற்றுவதற்கு நிற்கிறது. பயணத்தில் முன்பக்கக் கவசம் தேய்ந்துவிட்டது. பனிக்கட்டியால் புதுக் கவசம் கட்டவேண்டும். அங்கே ஏற்கனவே ஒரு மனிதக் கூட்டம் தீவுகளில் சுகமாக வாழ்கிறது. கதாநாயகியின் பெயர் மிரிஸ்ஸா. நமது தென்கரை ஊரின் பெயர்தான். பூமியிலிருந்து விண்கலத்தில் வந்த பொருள்களில் ஒன்று கண்டியின் புத்த தந்தம். தந்தம் நட்சத்திரம் வரை போயிருக்கிறது. நம் கோணேசருக்கு ரிக்கெற் கிடைக்கவில்லை. பகிடிக்குத்தான் சொல்கிறேன். நாவலின் முடிவில், பிரிந்து போகிறவர்கள் இருப்பவர்களுக்காக ஒரு இசைநிகழ்ச்சி நடத்துகிறார்கள். அழிந்த பூமியின் இசை, அந்தக் கரையில் முதலும் கடைசியுமாக ஒலிக்கிறது. அதில் ஒன்று அட்லாந்திஸுக்கான ஒப்பாரி.

ஓல்ட்ஃபீல்டுக்கு இது வாய்ப்பான இடம். 19 வயதில் கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து 'டியூபியுலர் பெல்ஸ்' செய்தவர். 1973இல் வேர்ஜின் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. 'தி எக்ஸோசிஸ்ற்' படத்தில் வந்து உலகமெல்லாம் பரவியது. 1992இல் அதன் இரண்டாம் பாகத்தைச் செய்தபோது முதல் துண்டுக்கு 'சென்ரினல்' என்றும் இன்னொன்றுக்கு 'சன்ஜாமர்' என்றும் பெயர் வைத்தார். இரண்டும் கிளார்க்கின் கதைப் பெயர்கள். வோர்னர் நிறுவனத்தின் தலைவர் ரொப் டிக்கின்ஸ், கிளார்க்கின் இந்த நாவலை எடுத்துச் செய்யலாமே என்று சொன்னபோது, ஆள் பாதி வழி வந்துதான் நின்றார். கிளார்க்கும் சம்மதித்து, இறுவட்டின் உறைக்கு ஒரு முன்னுரையும் எழுதினார்.

எப்படிச் செய்தார் என்பதில் ஒரு விடயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாவல் பூமியின் இசையை இன்னொரு கரைக்குக் கொண்டுபோகிறது. ஓல்ட்ஃபீல்டும் அதையே செய்யப் பார்த்தார், சாம்பிளர் என்ற கருவியை வைத்துக்கொண்டு. எங்கேயோ பதிந்த குரலை வெட்டியெடுத்து இன்னோர் இசையில் பதியம் போடும் கருவி அது. அம்மம்மாவுக்கு மூச்சாகக் கேட்ட அந்த ஆரம்பத்தில் வரும் கரகரத்த குரல், அப்பல்லோ 8 விண்கலத்தில் சந்திரனைச் சுற்றிக்கொண்டே 1968 நத்தாருக்கு முதல்நாள் பைபிளின் ஆதியாகமத்தை வாசித்த வில்லியம் ஆண்டர்ஸின் குரல். எட்டாவது துண்டில் நோர்வேயின் வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் யொய்க் ஒலிக்கிறது. நில்ஸ்-அஸ்லாக் வல்கேயாபா என்ற சாமிக் கவிஞருடையது. 1994 பெப்ரவரியில் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் யொய்க் பாடியவர் அவர். யொய்க்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓநாயைப் பற்றிப் பாடுவதில்லை, ஓநாயைப் பாடுவது என்பார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிக் குரல் எடுப்பது ஒரு மோகமாக இருந்தது. எனிக்மா 1990இல் தேவாலயத் துறவிகளின் பாட்டுக்குத் தாளம் போட்டது. டீப் ஃபொரஸ்ற் என்ற பிரெஞ்சுக் குழு, சொலமன் தீவுகளில் அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை எடுத்து உலகம் முழுக்க விற்றது. அந்தத் தாலாட்டை ஆய்வுக்காகப் பதிந்திருந்த ஹூகோ செம்ப் பின்னர் அதற்கு எதிராகவே எழுதினார். தாலாட்டியவளுக்கு ஏதும் போய்ச்சேரவில்லை. ஓல்ட்ஃபீல்ட் இந்த விடயத்தில் அவ்வளவு மோசமில்லை. வல்கேயாபாவின் பெயர் தொகுப்பில் இருக்கிறது. என் மனக்குறை வேறு. சந்திரனிலிருந்து குரல் வந்திருக்கிறது, வடதுருவப் பக்கமிருந்து குரல் வந்திருக்கிறது. நாவல் எழுதப்பட்ட தீவிலிருந்து ஒரு பறைச்சத்தமோ, கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாவோ, ஒரு அலையோ, நான் தேடியவரை என் காதில் விழவில்லை. உவர்மலையிலிருந்து இறங்கி நடந்தால் காதில் விழுகிற சத்தமெல்லாம் அந்த ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

வரவேற்பு எப்படி? டியூபியுலர் பெல்ஸின் இரண்டாம் பாகம் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. இது அந்த உயரத்தைத் தொடவில்லை. இறுவட்டுக்குள் மக்கின்ரொஷ் கணினியில் மட்டும் ஓடுகிற படங்களும் விளையாட்டும் வைத்திருந்தார். அது வேலை செய்யும் கணினி யாரிடம் இருந்தது? இப்போது அதை ஓட்டுவதற்கு நூதனசாலைக்குத்தான் போகவேண்டும். வழக்கமான குறை, 'சுவருக்கு ஒட்டுகிற தாள் மாதிரி இசை' என்பது. கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம், மெட்டு எங்கே, என்ன சொல்ல வருகிறது என்றெல்லாம்.

இந்தக் குறையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த வகை இசையின் தலைவிதியே இதுதான். பிரையன் ஈனோ 1975இல் விபத்தொன்றில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த சிநேகிதி யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சத்தம் மிகக் குறைவு. ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. எழும்பிப் போய்க் கூட்டவும் முடியவில்லை. வெளியே மழை. மழைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தந்தி கேட்டது. இசையை இப்படியும் கேட்கலாம் என்று அங்கே அவருக்குப் பட்டது. 1978இல் 'மியூசிக் ஃபோ எயார்போட்ஸ்' வந்தது. அந்த வகைக்கு அம்பியன்ற் என்ற பெயரும் நிலைத்தது. கவனித்தாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்கிற இசை.

ஈனோவுக்கு மழை வேண்டியிருந்தது. நமக்கு இதை விளக்க மழை தேவையில்லை. பத்திரகாளி அம்மன் தேருக்கு மேளக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் நாதசுரக்காரருக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். விரல் ஆடாது, முகம் அசையாது. கன்னம் உப்பியபடி ஒரே சுரத்தை மணிக்கணக்காக ஊதிக்கொண்டிருப்பார். ஒத்துக்காரர். காசும் குறைவு, பேரும் இல்லை. போதாக்குறைக்கு, சொந்தப் புத்தி இல்லாமல் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று சொல்வழக்கு ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அவர் ஒரு கணம் மூச்சை விட்டால் தோடியும் காம்போதியும் நிற்க இடமில்லாமல் விழும். இப்போது அவர் இல்லை. அவர் இடத்தில் இலத்திரனியல் சுருதிப்பெட்டி இருக்கிறது. பெங்களூரின் ராடெல் நிறுவனம் 1979 வாக்கில் செய்யத் தொடங்கியது, இன்று நம் கோயில்களிலும் சங்கீத வகுப்புகளிலும் ரீங்கரிக்கிறது. ஈனோ விமான நிலையத்துக்கு இசை செய்த மறுவருடமே நமக்கும் ஒரு இலத்திரனியல் பின்னணி வந்துவிட்டது. நாம் அதற்கு இசை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, 'மெட்டு எங்கே' என்று அந்த இசைத்தொகுப்பைக் கேட்டவர்கள், ஒத்துக்காரரைப் பார்த்து 'நீர் ஏன் ராகம் வாசிக்கவில்லை' என்று கேட்டவர்கள். அந்த அளவுக்கு நான் ஓல்ட்ஃபீல்டின் கட்சி. அதற்கு மேலே இல்லை. அவருடைய உண்மையான பலவீனம் நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவரால் ஒத்தோடு நிற்க முடிவதில்லை. ஒரு ரீங்காரம் அழகாக விரிந்து, கேட்கிறவன் அதற்குள் இறங்கத் தொடங்கும்போது, கிற்றாரைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடுகிறார். பிறகு தாளம் வரும், பிறகு பெரிய கோரஸ் வரும். ஒத்து ஊத வந்தவர் நாதசுரத்தையும் பறித்து வாசித்தால் எப்படி? 'அட்லாந்திஸுக்கு ஒப்பாரி' மட்டும் விதிவிலக்கு. அங்கே அவர் கடலுக்கு வழிவிட்டு நிற்கிறார்.

இதை அந்த வயதில் நான் இப்படி யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் கசெற் வேறு ஒன்றுக்குப் பயன்பட்டது. 1995 ஜனவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19ஆம் தேதி, இதே துறைமுகத்தில், தண்ணீருக்கு அடியால் வந்த சுழியோடிகள் இரண்டு கடற்படைக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். யுத்தம் மறுபடி அங்கே தொடங்கியது. கிளார்க் கனமில்லாமல் மிதந்த அதே தண்ணீர். அதற்குப் பிறகு சுழியோடி என்ற சொல்லையே ஊரில் மெதுவாகத்தான் சொன்னார்கள். இரவில் துறைமுகத்துக்குள் வெடி போடுவார்கள், யாராவது அடியால் வந்தால் மிரட்டுவதற்கு. காதுக்குப் பெரிதாகக் கேட்காது. பாயில் படுத்திருந்தால் முதுகுக்குத்தான் தெரியும். 'தும்' என்று தரை ஒருதரம் விம்மும். அலுமாரிக்குள் பீங்கான்கள் கிலுங்கும். அம்மம்மா வெற்றிலை உரலை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி இடிப்பா. நான் இயர்போனுக்குள் அந்த ரீங்காரத்தைப் போட்டுக்கொண்டு கிடப்பேன். எங்கள் ஊரின் பின்னணி இசை அப்போது அதுவாக இருந்தது. அதற்கு மேல் ஒரு போர்வை மாதிரி இந்தக் கசெற்.

சமாதான காலத்தில், கொழும்பில் ஒரு நண்பன் வீட்டில் முதன்முறையாக இறுவட்டிலேயே கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. எல்லாம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் அவசரமாக, வெளிச்சமாக இருந்தது. ஊருக்கு வந்து பழைய கசெற்றை, பழைய ரேப் ரெக்கோடரில், இறங்கின பற்றரியோடு போட்டு ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். அரைக்கட்டை சுருதி இறங்கியிருந்தது. நான் இத்தனை வருடம் கேட்டது ஓல்ட்ஃபீல்ட் செய்த இசை இல்லை, பற்றரி செய்த இசை. ஆனாலும் எனக்கு அதுதான் சரியான சுருதி.

இந்த அரைக்கட்டை வேறோர் இடத்திலும் வந்தது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

நம் துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழக்கடல் இவ்வளவு கிட்ட வருவதால் நீலத்திமிங்கிலமும் கிட்ட வருகிறது. சோளகம் தொடங்கும் காலத்தில் வள்ளக்காரர் காண்பார்கள். 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற ஆய்வுக் கப்பல் இந்தக் கடலில் திரிந்தது. 1984இல் திருகோணமலைக்கு அப்பால் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அபிகெய்ல் ஆலிங் முதலானவர்கள் நீலத்திமிங்கிலத்தின் பாட்டைப் பதிந்தார்கள். ரொஜர் பேய்னும் ஆலிங்கும் அதைப் பற்றி எழுதினார்கள். பேய்ன் 1970இல் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை இசைத்தட்டாகவே வெளியிட்டவர். வொயேஜரின் தங்கத்தட்டில் நட்சத்திரங்களுக்குப் போன திமிங்கிலக் குரல் அவர் பதிந்தது. ஆலிங்கோ பிற்பாடு அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கூடாரத்துக்குள், வேற்றுக்கிரகத்தில் வாழ்வதற்கு ஒத்திகையாக, இரண்டு வருடம் அடைபட்டு இருந்தவர். கிளார்க்கின் கதையில் வந்திருக்கவேண்டிய ஆட்கள்.

நம் திமிங்கிலத்தின் பாட்டில் மூன்று பகுதி. முதலில் தாழ்ந்த துடிப்பு. அடுத்து மேலே ஏறுகிற ஓர் இழுப்பு. கடைசியில் 100 ஹெர்ட்ஸ் அளவில், 20 முதல் 30 விநாடி வரை நிற்கிற ஒற்றைச் சுரம். பிறகு மறுபடி முதலிலிருந்து. அந்தக் கடைசிச் சுரத்தை ஆய்வாளர்கள் 2002 முதல் 2013 வரை, டியேகோ கார்சியாவுக்குப் பக்கத்தில் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கப் போட்டிருக்கும் கடலடி ஒலிவாங்கிகளில் அளந்தார்கள். 106.5 ஹெர்ட்ஸ் இருந்தது 100.7க்கு வந்துவிட்டது. சங்கீதக்காரர் கணக்கில் கிட்டத்தட்ட அரைக்கட்டை. ஒரு மிருகம் இல்லை, அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமுடிவு இல்லை. வேட்டை நின்று தொகை கூடியதால் உரத்துப் பாடத் தேவையில்லாமல் போயிற்று என்கிறார் ஒருவர். வேறு காரணம் சொல்கிறார் மற்றவர். உலகின் மற்றக் கடல்களில் நீலத்திமிங்கிலங்களும் இப்படியே இறங்கிக்கொண்டிருக்கின்றன.

100 ஹெர்ட்ஸ் என்றால் என்ன சத்தம் என்று மாணவர்கள் யோசிக்கலாம். நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறீர்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தரம் போய்த் திரும்பி வருகிறது. தெருவோரத்து ட்ரான்ஸ்ஃபோமரும், இதோ தலைக்கு மேலே ரியூப்லைற் சோக்கும் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில், இரைகின்றன. வாடை கச்சான் பாராமல் ஊரெல்லாம் நிற்கிற ஒத்து அது. நீலத்திமிங்கிலம் இறங்கி இறங்கி அந்தச் சுருதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தற்செயல்தான். எனக்கு அந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது.

பதிவு ஒன்று கையில் இருக்கிறது. ஓல்ட்ஃபீல்ட் இல்லை, திமிங்கிலம். இந்த மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது என்பதால், அம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பொக்ஸ் இரண்டை வாடகைக்கு எடுத்து மேடைக்குக் கீழே வைத்திருக்கிறோம். வயதானவர்களுக்குக் காதில் பிடிபடாவிட்டால், முன்னுக்கு இருக்கிற கதிரையின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

தம்பி, இப்ப ஃபானை நிப்பாட்டுங்கோ. லைற்றையும்.